அடிமறிமாற்றும் மின்சுற்றுப் பலகையும்

தமிழ்த்துறை மலரில் மின்னணுவியலுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நம் பழைய மாணவர் ஒருவர் தக்கலையில் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்த்து வருகிறார். அவர் பட்ட இடர்ப்பாடு ஒன்றே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

பவணந்தியார் நன்னூலில் பொருள்கோள் எட்டு என வகுத்தார். அவற்றுள் அடிமறிமாற்று என்பது, அடிகளை எங்கு மாற்றி வைத்தாலும் பொருள் திரியாத செய்யுளுக்கு உரியது. நிரல்நிறையோ வரிசையையே உயிராகக் கொண்டது. வரிசை பிறழின் பொருள் கெடும். மின்சுற்றிலும் இவ்விரு நிலைகளும் உள.

1960-களில் வெளிவந்த 7400 என்னும் ஐ.சி.யை எடுத்துக்கொள்வோம். அதற்குக் கால்கள் 14. உள்ளே நேண்ட் வாயில்கள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் உள்ளீடு இரண்டு, வெளியீடு ஒன்று. ஆக 12 கால்கள். எஞ்சிய 7, 14 ஆகிய இரண்டும் மின்வழங்கலுக்கு உரியவை. முதலிரு வாயில்களின் கால்கள் ஒரு பக்கத்திலும், ஏனைய இரண்டின் கால்கள் எதிர்ப்பக்கத்திலும் அமைந்துள்ளன.

வரைபடம் எழுதுவோர் முதல் வாயில், இரண்டாம் வாயில் என வரிசையாக எண்ணிட்டுச் செல்வர். தாளில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லலாம். பலகையின் ஒரே பரப்பில் செப்புத் தடங்கள் அவ்வாறு வெட்டலாகாது. வெட்ட நேரின், துளையிட்டு மறுபக்கம் கொண்டு செல்லவேண்டும். அல்லது மேலே கம்பி இட்டு இணைக்கவேண்டும். ஆகவே, இணைக்கவேண்டிய உறுப்பு நான்காம் வாயிலின் பக்கம் இருப்பின், முதல் வாயிலின் பணியை அதற்கு மாற்றிவிடுவர். நான்கும் ஒரே தன்மையன ஆதலின் செயல் மாறாது. ஒரு வாயிலின் உள்ளீடுகள் இரண்டையும்கூடத் தம்முள் மாற்றலாம். இது அடிமறிமாற்று.

ஆயின் மின்வழங்கற் கால்களை மாற்றலாகாது; உள்ளீட்டையும் வெளியீட்டையும் மாற்றலாகாது; ஆப்-ஆம்ப்பின் நேர், எதிர் உள்ளீடுகளையும் மாற்றலாகாது. அங்கே ஆள்வது நிரல்நிறை.

மாற்றியபின் ஒரு கடமை எஞ்சுகிறது. பலகையில் செய்த மாற்றத்தை வரைபடத்திலும் திருத்தவேண்டும். நம் மாணவரிடம் வந்த கருவியில் அது செய்யப்படவில்லை. படத்தை நம்பி அவர் 3-ஆம் காலைச் சோதித்தார். எதிர்பார்த்த சைகை இல்லை. ஐ.சி.யை மாற்றினார், பயனில்லை. இரண்டு நாள் கழிந்தபின், உருப்பெருக்கியால் செப்புத் தடத்தைத் தொடர்ந்து சென்றபோதுதான் அப்பணி நான்காம் வாயிலுக்கு மாறியிருப்பது தெரிந்தது. 12-ஆம் காலின் ஈயப்பற்று விட்டிருந்தது. அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதுமானதாயிற்று!

மாற்றியது பிழையன்று, எழுதிவைக்காததே பிழை. ஏடுகளைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டிச் சென்றார். பின்வருவோர் இடர்ப்படலாகாது என்னும் அந்த அறம் ஏட்டுக்கும் உரியது. செப்புத் தடத்துக்கும் உரியது. எத்துறைக்குச் செல்லினும் நம் மாணவர்கள் இதனை மறவாதிருப்பாராக.