இருபத்தேழையும் கண்டவர் யார்?

சில வருடங்களுக்கு முன், மாசி அமாவாசையன்று, அராலிப் பக்கத்தில் அறுவடை முடிந்த வயலொன்றில் பதினொரு மாணவரோடு விடியும்வரை நின்றேன். முதல்நாள் சிவராத்திரிக்கு விழித்த கண்ணோடு மறுநாளும் பனியில் நிற்பதா என்று வீட்டில் கேட்டார்கள். வகுப்பில் எழுந்த ஒரு கேள்விதான் அதற்குக் காரணம்.

பழந்தமிழரின் வானியலறிவு பற்றியும் கணியன் என்ற சொல்லின் பெருமை பற்றியும் அன்று நெடுநேரம் பேசியிருந்தேன். முடிவில் ஒரு மாணவன் எழுந்து, "சேர், நான் பூச நட்சத்திரம். பூசம் வானத்திலை எங்கை இருக்கு?" என்றான். பதினேழு வருடம் தமிழ் படிப்பித்தவன் நான். பதில் தெரியவில்லை.

மேலைநாட்டு வானியல் ஆர்வலரிடையே 'மெசியே மரதன்' என்றொரு போட்டியுண்டு. சார்ள்ஸ் மெசியே (1730-1817) பிரான்சின் வால்வெள்ளி வேட்டைக்காரர். வால்வெள்ளி என்று ஏமாறச் செய்யும் மங்கற் புகைத்திட்டுகளை அவர் பட்டியலிட்டு வைத்தார். பின்வந்தோர் சேர்த்தவற்றோடு அவை இன்று 110. மார்ச் மாத அமாவாசையை அண்டிய இரவில், அந்திமுதல் விடியல்வரை விழித்திருந்தால் அத்தனையையும் பார்த்துவிட வாய்ப்புண்டு. 1985 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஜெரி ராட்லி என்பவர் 110ஐயும் ஒரே இரவில் கண்டு முடித்தார். அங்கே குளிரில் விரல் விறைக்கும். நடுவர் கிடையாது, கண்டேன் என்று தன் கொப்பியில் தானே எழுதும் நேர்மைதான் நடுவர்.

எங்களிடம் தொலைநோக்கி இல்லை. இரவல் வாங்கிய இருகண்நோக்கி ஒன்றுதான் இருந்தது. ஆகவே பட்டியலை மாற்றினோம். அசுவினி தொடங்கி இரேவதி ஈறாக இருபத்தேழு. மூன்று குழு. விரலால் சுட்டிக் காட்டவேண்டும். மற்றக் குழு ஒப்புக்கொண்டால்தான் புள்ளி. மாசியில் சூரியன் சதயத்தை அண்டி நிற்பதால் அதுவும் அயலிலுள்ள சிலவும் வெளிச்சத்தில் மறைந்துவிடும். ஆகவே இருபத்தேழையும் எவரும் காணமுடியாது. அதைத் தொடங்குமுன் நான் சொல்லவில்லை. எனக்கே அது நள்ளிரவில்தான் விளங்கியது.

கார்த்திகை இலகு. மெசியேயின் பட்டியலில் அது 45ஆவது. திருவாதிரையின் செந்நிறத்தையும் எல்லாரும் கண்டார்கள். பூசம் அப்படியன்று. கடகத்தின் நடுவே மங்கலான சில மீன்கள். அருகே ஒரு வெண்திட்டு. இருகண்நோக்கியின் கண்ணாடியில் பனி படிந்துகொண்டேயிருந்தது. சாரத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தபோது அந்தத் திட்டு மீன்கூட்டமாக விரிந்தது. அது மெசியேயின் 44. கேள்வி கேட்ட பையன் அதைவிட்டுக் கண்ணை எடுக்க மறுத்தான். அவனுடைய குழு அதனால் பிந்தியது.

நள்ளிரவுக்குப் பின் பிளேன்ரீ குடித்தபடி அதே அராலியூர் விசுவநாத சாஸ்திரியாரின் கதையைச் சொன்னேன். அவர் பஞ்சாங்க கணிதர். குறவஞ்சி பாடிய புலவர். 1829 மார்ச் 20, பங்குனிப் பறுவத்தன்று நிகழவிருந்த சந்திர கிரகணத்தைத் தம் பஞ்சாங்கத்தில் குறித்திருந்தார். அயலிலுள்ள வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபர், அமெரிக்க மிஷனரி டானியல் பூவர், தாமும் கணித்துப் பார்த்தார். தொடக்கத்தில் கால்மணி வேறுபாடு. நீடிப்பும் மறைப்பளவும்கூட ஒத்துவரவில்லை. அதை முன்கூட்டியே வெளியிட்டார். அன்றிரவு பார்த்தபோது பூவரின் கணக்கே சரியாயிற்று. புராண நம்பிக்கைகளை மறுக்க மிஷனரிமார் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினர்.

வென்றவர்களின் குறிப்புகள் வழியாகவே பெரும்பாலும் இக்கதை நமக்கு வந்தது. சாஸ்திரியாரின் கிரகணம் வராமற் போகவில்லை; கால்மணி பிசகியது, அவ்வளவே. எந்தக் கருவியை வைத்துக்கொண்டு? வாக்கியங்களை வைத்துக்கொண்டு. 'வாக்கிய பஞ்சாங்கம்' என்று நாள்தோறும் சொல்கிறோம்; அதிலுள்ள வாக்கியம் எது என்று கேட்பதில்லை. சந்திரன் தன் பாதையில் பூமிக்கு மிகத் தொலைவான இடத்திலிருந்து புறப்பட்டு ஒன்பது தடவை அவ்விடத்துக்கு மீள ஏறத்தாழ 248 நாட்கள் செல்லும். அந்த 248 நாளுக்கும் சந்திரன் கடந்த பாகையை எழுத்துக்கோர் எண் என்ற முறையில் வடமொழித் தொடர்களாக்கி மனனஞ் செய்தார்கள். எண்களை மறக்கலாம், தொடரை மறப்பது கடினம். 1825இல் வெளியான தம் நூலில் ஜோன் வாறன் என்பவர், புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்தே கிரகணம் கணித்ததை விவரிக்கிறார். ஆனால் 'ஏறத்தாழ' என்ற சொல்லில் ஒளிந்திருக்கும் சிறு மிச்சம் நூற்றாண்டுகளில் திரண்டுவிடும். வானத்தைப் பார்த்து அவ்வப்போது திருத்தாவிட்டால் பிசகு தவிராது. மனனம் நின்றது, பார்த்தல் குறைந்தது. என் வகுப்பறையிலும் நடந்தது அதுதான்.

வட்டுக்கோட்டையில் பின்னர் பணியாற்றிய ஹொய்சிங்ரன், அந்தப் பழைய கணித முறையையே தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். வென்றவர்கள் தோற்றவரிடம் படித்திருக்கிறார்கள்.

கதை முடிய விருச்சிகம் நன்றாக ஏறிவிட்டது. கேட்டை, மூலம் என்று பையன்கள் ஓடினார்கள். விடியற்புறம் பனை வட்டுகளுக்கு மேலே திருவோணத்தின் மூன்று மீன்களும் வந்தபின் கொப்பிகளை எண்ணினோம். முதற்குழுவுக்கு இருபத்தொன்று. எனக்குப் பதின்மூன்று. பூசம் அதில் ஒன்று.