தத்துப்பூச்சி கடித்த கொழுந்துக்குக் கூடுதல் விலை!

பருத்தி, வெண்டை, கத்தரி போட்டவர்களுக்குப் பச்சைத் தத்துப்பூச்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இலைக்கு அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். இலை ஓரம் மஞ்சளாகிச் சுருளும். இதே குடும்பத்துப் பூச்சி தேயிலையையும் விடுவதில்லை. ஆனால் தைவானில் ஷின்ச்சு பகுதி மலைத் தோட்டங்களில், இந்தப் பூச்சி நல்லா கடிக்கட்டும் என்று காத்திருந்து கோடையில் கொழுந்து பறிக்கிறார்கள். கடிபட்ட கொழுந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சில வாசனைப் பொருள்களைச் சுரக்கிறது. அதைப் பதமாக வாட்டித் தேயிலை ஆக்கினால் தேனும் கனிந்த பழமும் சேர்ந்தாற்போல ஒரு மணம். 'கீழைநாட்டு அழகி' என்று பெயர் வைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். டார்ஜிலிங்கில் மே, ஜூன் பறிப்பில் வரும் திராட்சை மணத்துக்கும் இந்தக் கடிக்கும் தொடர்பு உண்டு. மருந்து அடித்துப் பூச்சியை விரட்டிய தோட்டத்தில் அந்த மணத்தை எதிர்பார்க்க முடியாது.

இயற்கை விவசாயிக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன இருக்கு? ஆனால் அந்த மணத்தைக் கண்டுபிடித்து, அதற்குக் காசு கொடுக்க ஆள் வேண்டுமே. தைவானில் இருக்கிறார்கள். இங்கே?

நமக்கு டீ என்றால் டஸ்ட் டீ. பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவிட்டால் செக்கச்செவேல் என்று நிறம் இறங்கணும், அவ்வளவுதான். அதைக் குறை சொல்லவில்லை. காலையில் களத்துக்குப் போகிற ஆளுக்கு அந்த டீ இல்லாமல் கை ஓடாது. 1930-களில் அசாமில் வந்த சி.டி.சி. இயந்திரம் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்குகிறது. சீக்கிரம் சாறு இறங்கும், கிலோவுக்கு அதிக கப் கிடைக்கும். பாலும் சர்க்கரையும் தாங்குகிற டீ இதுதான். ஆனால் அந்தக் கப்பில் எந்த மலை, எந்த மாசம், எப்படிப்பட்ட மண் என்கிற அடையாளமெல்லாம் கரைந்துபோகிறது.

இதில் அடிபடுவது நீலகிரியின் சிறு தேயிலை விவசாயி. 1 கிலோ தேயிலைக்கு 4 முதல் 4.5 கிலோ பசுந்தேயிலை தேவை. அவர் பறிக்கும் இலை தொழிற்சாலைக்குப் போகிறது. தேயிலையாகிக் குன்னூர் ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறதோ, அதை ஒட்டித்தான் அவருக்கு இலை விலை. கட்டுபடியாகும் விலை கேட்டுப் பல வருஷமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நிலையில் ஒருவர் ரசாயனத்தை விட்டு, விளைச்சல் இறங்கினாலும் பரவாயில்லை என்று இயற்கைக்கு மாறினால், அவருடைய இலையும் மற்ற இலையோடு ஒரே மூட்டையில் கலந்துவிடும். நிறத்தை மட்டும் கேட்கிற நாக்குக்கு அவர் உழைப்பு தெரியாது.

நெல்லில் இது எப்படி மாறியது என்று நமக்குத் தெரியும். நெல் ஜெயராமன் அய்யா போன்றவர்கள் விதையை மீட்டார்கள். அதோடு, மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையும் ஜனங்கள் ஆக்கிச் சாப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் தெரிந்து, மறுபடி கேட்டு வந்தார்கள். அதனால்தான் அந்த ரகங்கள் வயலில் நிற்கின்றன. தேயிலைக்கு அந்த வேலை இன்னும் சரியாகத் தொடங்கவே இல்லை. ருசி பார்ப்பதை ஒரு பொழுதுபோக்காகப் பழகுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

முதலில் ஒரு அடிப்படை. பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை, ஊலாங், கறுப்புத் தேயிலை எல்லாம் ஒரே செடிதான். வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதே வேலைதான் தேயிலையிலும் நடக்கிறது. தொழிற்சாலையில் 'புளிக்க வைக்கிறது' என்பார்கள். உண்மையில் காற்றுப் பட்டுக் கறுப்பதுதான். பறித்ததும் வாணலியிலோ ஆவியிலோ சூடு காட்டி அதை நிறுத்தினால் பச்சைத் தேயிலை. பாதியில் நிறுத்தினால் ஊலாங். முழுக்க விட்டால் கறுப்பு. மொட்டையும் இளங்கொழுந்தையும் அப்படியே வாட்டி உலர்த்தினால் வெள்ளை. (செம்பருத்தி, ஆவாரம்பூ, எலுமிச்சைப்புல் எல்லாம் நல்ல பானங்கள்தான். ஆனால் அவை தேயிலை இல்லை, இந்தக் கணக்கில் வராது.)

வாங்கும்போது 'ஆர்த்தடாக்ஸ்' என்று கேட்டு வாங்குங்கள். நசுக்காமல் உருட்டிச் செய்த இலைத் தேயிலை அது. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கிலோ 1,000 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு கப்புக்கு 2 கிராம், அதாவது 2 ரூபாய். நல்ல இலை இரண்டாம் தடவையும் சாறு கொடுக்கும்.

பார்க்கும் முறை இதுதான். இரண்டு மூன்று வெள்ளைக் கிண்ணங்கள் எடுங்கள். நிறம் தெரிய வெள்ளைதான் சரி. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை. கறுப்புத் தேயிலைக்குக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, 5, 6 நிமிஷத்தில் வடிகட்டுங்கள். பச்சைத் தேயிலைக்கு அவ்வளவு சூடு ஆகாது. கொதித்த தண்ணீரைச் சில நிமிஷம் ஆறவிட்டு ஊற்றுங்கள், 2 நிமிஷம் போதும். இல்லாவிட்டால் கசந்து, இலை மேல் பழி விழும். பால், சர்க்கரை எதுவும் வேண்டாம். எல்லாக் கிண்ணத்துக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். இல்லையென்றால் ஒப்பிடவே முடியாது.

வடிகட்டிய ஈர இலையை மோந்து பாருங்கள். பாதி சேதி அங்கேயே கிடைத்துவிடும். பிறகு ஒரு கரண்டி எடுத்து, காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சணும். ஏலத்துக்கு ருசி பார்க்கும் ஆட்களும் இப்படித்தான் உறிஞ்சுகிறார்கள், மணம் மூக்கு வரை ஏறட்டும் என்று. கசப்பையும் துவர்ப்பையும் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் பாடம். கசப்பு பாகற்காய், துவர்ப்பு வாழைப்பூ. அறுசுவையோடு வளர்ந்த நமக்கு இது கஷ்டமே இல்லை. நல்ல கறுப்புத் தேயிலையில் துவர்ப்பு நாக்கைச் சட்டென்று பிடித்து, உடனே விட்டு, பின்னால் ஒரு இனிப்பு வரும்.

தொடங்குவதற்கு இலங்கைத் தேயிலை அருமையான பாடம். 6,000 அடி உயரத்து நுவரெலியா ஒரு கிண்ணம், 2,000 அடிக்குக் கீழே விளையும் ருகுணு ஒரு கிண்ணம். முதலாவது வெளிர் நிறம், பூ மணம். இரண்டாவது கருஞ்சிவப்பு, கனத்த ருசி. உயரமும் குளிரும் ஒரு பயிரை என்ன செய்யும் என்று நாக்கே சொல்லிவிடும். அந்த மலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிப்பவர்கள் மலையகத் தமிழர்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் நாக்கால் கண்டுபிடிக்க முடியாது: பூச்சிமருந்து எச்சம். ருசியாக இருப்பதெல்லாம் நஞ்சில்லாதது ஆகிவிடாது. அதற்குச் சான்றிதழ் வேண்டும், அல்லது விவசாயியை நேரில் தெரிந்திருக்க வேண்டும். சாயம் கலந்திருக்கிறதா என்பதை மட்டும் வீட்டிலேயே பார்க்கலாம். வடிதாளில் தேயிலையைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, கொஞ்ச நேரம் கழித்து இலையை எடுத்துவிட்டுத் தாளைப் பாருங்கள். திட்டுத்திட்டாக நிறம் ஏறியிருந்தால் சாயம்.

நீலகிரித் தேயிலையில் மணம் தூக்கலாக இருப்பது பனிக்காலத்தில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. குளிரில் செடி மெதுவாக வளர்ந்து கொழுந்தில் மணம் சேரும். அந்தப் பறிப்பில் ஒன்றும் மழைக்காலப் பறிப்பில் ஒன்றும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். பாக்கெட்டில் பறித்த மாசம் இருக்காது. விற்கிறவரிடம் விடாமல் கேளுங்கள்: எந்த ஊர்த் தோட்டம், எந்த மாசம் பறித்தது, யார் பறித்தது?