ஓடும்போது கால் வலிக்கிறதா? எப்போது, யாரிடம் போவது?

காவலர் பணிக்கான எழுத்துத் தேர்வு முடிவு வந்தால் போதும், மறுநாள் விடியற்காலையிலேயே ஊர் மைதானங்கள் நிறைந்துவிடும். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில் ஓட வேண்டும். 1500 மீட்டரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 28 விநாடி, அதாவது 400 மீட்டர் டிராக்கில் ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. பழகிய கால்களுக்கு இது பெரிய வேகம் இல்லை. ஆறு மாதமாகப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்த கால்களுக்குத்தான் கஷ்டம்.

முதல் வாரம் உற்சாகமாகப் போகும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரு வலி ஆரம்பிக்கும். "ஓட ஓட சரியாயிடும்" என்பார் ஒருவர். "எண்ணெய் போட்டு நல்லா உருவிவிடு" என்பார் இன்னொருவர். மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் ஓடுவோம். சரியான நேரத்தில் காட்டியிருந்தால் இரண்டு வார ஓய்வில் முடிந்திருக்க வேண்டியது, பல பேருக்கு உடல்திறன் தேர்வையே தவறவிடுவதில் போய் முடிகிறது. மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கும், உடம்பைக் குறைக்க ஓட ஆரம்பித்தவர்களுக்கும் இதே கதைதான்.

ஆகவே எந்த வலிக்கு ஓய்வு போதும், எந்த வலிக்கு உடனே டாக்டர் வேண்டும், அந்த டாக்டர் எங்கே கிடைப்பார் என்பதைப் பார்ப்போம்.

ஏன் வலிக்கிறது?

ஓட ஆரம்பித்த சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறையும். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் அப்படி இல்லை, அவை பலப்பட மாதங்கள் ஆகும். "இன்னும் ரெண்டு ரவுண்டு போகலாம்" என்று மூச்சு சொல்லும். எலும்பு அதற்குத் தயாராக இருக்காது. நேற்றைய ஓட்டத்தில் ஏற்பட்ட நுண்ணிய சேதம் ஆறுவதற்குள் இன்று மறுபடி ஓடினால் சேதம் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கம்பியை ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வளைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் எலும்புக்கும். தேய்ந்த ஷூ, தார்ச்சாலை, குறைவான சாப்பாடு, குறைவான தூக்கம் எல்லாம் இதோடு சேர்ந்துகொள்கின்றன.

ஒரு விரலா, உள்ளங்கையா?

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. "எங்கே வலிக்கிறது?" என்று உங்களையே கேட்டுக்கொண்டு, அந்த இடத்தைக் காட்டுங்கள்.

உள்ளங்கையால் தடவித்தான் காட்ட முடிகிறது, அதாவது முன்பக்க எலும்பின் உள்ஓரத்தில் நீளமாகப் பரவிய வலி என்றால், அது பெரும்பாலும் 'ஷின் ஸ்பிளின்ட்' வகை. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் குறையும், பிறகு திரும்ப வரும். ஓட்டத்தைக் குறைத்தால் பொதுவாகச் சரியாகிவிடும்.

ஒரே விரலை எலும்பின் ஒரு புள்ளியில் வைத்து "இங்கேதான்" என்று காட்ட முடிந்தால் எச்சரிக்கை தேவை. ஓட ஓட வலி கூடுகிறது, நடந்தாலும் வலிக்கிறது, ராத்திரி படுத்தாலும் வலிக்கிறது என்றால், எலும்பில் மயிரிழை போல விரிசல் விழும் 'ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்' ஆக இருக்கலாம். அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

முக்கியமான ஒரு விஷயம்: இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே நார்மல்தானே" என்று மறுநாளே மைதானத்துக்குப் போய்விடாதீர்கள். வலி தொடர்ந்தால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதுவார்.

வேறு சில வலிகளும் அடிக்கடி வரும். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் எட்டு வைக்கும்போது குதிகாலின் அடியில் சுருக்கென்று குத்தினால், அது பாதத்தின் அடியில் உள்ள தசைநார் பிரச்சினை. படி இறங்கும்போது முழங்கால் சில்லைச் சுற்றி வலித்தால், தொடைத் தசையும் இடுப்புத் தசையும் பலம் போதாமல் இருக்கலாம். இவற்றுக்குப் பெரும்பாலும் பிசியோதெரபி பயிற்சியே முக்கியச் சிகிச்சை.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

* கால் பிசகிய பிறகு நான்கு எட்டு கூட வைக்க முடியவில்லை.
* குதிகாலுக்கு மேலே பின்பக்கம் 'பட்'டென்று சத்தம் கேட்டது, அதன் பிறகு நுனிக்காலில் நிற்க முடியவில்லை.
* முழங்கால் சில மணி நேரத்தில் பெரிதாக வீங்கிவிட்டது, அல்லது மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டது.
* ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலிக்கிறது.
* இடுப்புக்குக் கீழே கவட்டைப் பகுதியில் ஆழமான வலி, ஒற்றைக்காலில் நிற்க முடியவில்லை.
* பாதம் மரத்துப்போகிறது.

இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம், வெயிலில் குழறிய பேச்சு என்றால் யோசிக்கவே வேண்டாம், 108-ஐ அழையுங்கள். வெயிலில் மயங்கியவரை ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

முதல் மூன்று நாள்

சாதாரணச் சுளுக்கு, தசை இழுப்பு என்றால் முதலில் ஓய்வு. ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து முறை ஒத்தடம் கொடுங்கள். ஐஸ் நேரடியாகத் தோலில் படக் கூடாது. கிரேப் பேண்டேஜ் சுற்றலாம், விரல்கள் நீலமானால் தளர்த்திவிடுங்கள். உட்காரும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். சூடான எண்ணெய் தேய்ப்பது, அழுத்தி உருவிவிடுவது, சொடக்கு எடுப்பது எதுவும் இந்த நாட்களில் வேண்டாம். உள்ளே ரத்தக்கட்டு இருந்தால் அது இன்னும் பெரிதாகும். எலும்பில் விரிசல் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

யாரிடம் போவது?

முதல் படி, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம். நகரங்களில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். அங்குள்ள டாக்டர் பார்த்துவிட்டு, தேவையானால் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்.

எலும்பு, மூட்டு, தசைநார் காயங்களுக்குப் போக வேண்டியது ஆர்த்தோ பிரிவு. அறுவைச் சிகிச்சை தேவைப்படாத நாள்பட்ட வலிகளுக்கும், காயத்துக்குப் பிறகு மீண்டு வருவதற்கும் பி.எம்.ஆர். என்ற உடலியல், மறுவாழ்வு மருத்துவப் பிரிவு உதவும். எல்லா ஊரிலும் இது இருக்காது. சென்னை கே.கே. நகரில் இதற்காகவே ஓர் அரசு மருத்துவ நிலையம் இயங்குகிறது. பயிற்சி சொல்லிக் கொடுத்து, தசையைப் பலப்படுத்தி, திரும்ப ஓட வைப்பவர் பிசியோதெரபிஸ்ட். அவரிடம் போகும்போது டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் கொண்டுபோங்கள்.

தனியாரிடம் போவதாக இருந்தால் பட்டத்தைப் பாருங்கள். ஆர்த்தோ டாக்டருக்கு எம்.எஸ். ஆர்த்தோ, டி.ஆர்த்தோ, டி.என்.பி. போன்றவை இருக்கும். பிசியோதெரபிஸ்டுக்கு பி.பி.டி. அல்லது எம்.பி.டி. இருக்கும். மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஜிம் டிரெய்னரும் ஓட்டப் பயிற்சியாளரும் பயிற்சிக்கு நல்லவர்கள்தான், ஆனால் எலும்பில் விரிசலா இல்லையா என்று சொல்வது அவர்கள் வேலை இல்லை.

போனிலிருந்தே என்ன செய்யலாம்?

104: தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண். எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்ற வழிகாட்டலை 24 மணி நேரமும் கேட்கலாம்.

இ-சஞ்சீவனி: மத்திய அரசின் இலவசத் தொலைமருத்துவ ஆப். போன் நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்தால் டாக்டரிடம் வீடியோவில் பேசலாம். வீடியோவில் காலை அழுத்திப் பார்க்க முடியாது என்பதால், 'நேரில் போகணுமா, எங்கே போகணும்' என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இதைப் பயன்படுத்துங்கள்.

ஆபா எண்: 14 இலக்க சுகாதார அடையாள எண். இந்த வசதி உள்ள மருத்துவமனைகளில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் விவரங்கள் தானாகப் போய்விடும், ஓ.பி. சீட்டு வரிசையில் நேரம் மிச்சம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான் இது, சாதாரண ஓ.பி. ஆலோசனைக்கு இல்லை. அறுவைச் சிகிச்சை என்று சொன்னால், பணம் கட்டும் முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் உங்கள் சிகிச்சை அதில் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

கிளம்பும் முன் இன்னொரு விசாரிப்பு: சில மருத்துவமனைகளில் ஆர்த்தோ ஓ.பி. எல்லா நாளும் இருக்காது. கிழமையைக் கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும்.

டாக்டரிடம் என்ன சொல்வது?

ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். "கால் வலிக்குது சார்" என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு முடிந்துவிடலாம். இவற்றை முந்தின நாளே போனில் குறித்துவையுங்கள்: வலி ஆரம்பித்த தேதி, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எந்தத் தரையில், ஷூ எத்தனை மாதப் பழசு, ஓடும்போது வலி கூடுகிறதா குறைகிறதா, இதுவரை போட்ட மாத்திரை, உடல்திறன் தேர்வு தேதி.

பெண்கள் இன்னொன்றையும் மறக்காமல் சொல்ல வேண்டும். கடுமையான பயிற்சியும் குறைந்த சாப்பாடும் சேர்ந்து மூன்று மாதமாக மாதவிடாய் வராமல் இருந்தால் எலும்பு பலவீனமாகும், விரிசல் வர வாய்ப்பு கூடும். கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை, டாக்டருக்கு அது முக்கியமான தகவல்.

நீங்கள் கேட்க வேண்டியவை நான்கு: இந்தக் காயத்துக்குப் பெயர் என்ன? எத்தனை நாள் ஓடக் கூடாது? அதுவரை என்ன பயிற்சி செய்யலாம்? எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும்?

தேர்வு பத்து நாளில் இருக்கிறது, ஊசி போட்டுக்கொள்ளலாமா?

நிறைய பேர் கேட்கும் கேள்வி இது. வலி மாத்திரையும் ஊசியும் வலியை மறைக்கும், விரிசலை ஒட்டவைக்காது. வலி தெரியாமல் ஓடினால் விரிசல் முழு முறிவாகி, பிளேட் வைக்கும் நிலைக்குப் போகலாம். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆபத்து. ஸ்டீராய்டு ஊசியை யார் சொன்னாலும் டாக்டர் இல்லாமல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வயது வரம்பை நெருங்குகிறவர்களிடம் "அடுத்த முறை பார்த்துக்கலாம்" என்று சொல்வது எளிதல்ல. அதனால்தான் வலி தொடங்கிய முதல் வாரத்திலேயே காட்டச் சொல்கிறோம். ஷின் ஸ்பிளின்ட் என்றால் சமாளிக்க வழி உண்டு. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்றால் பொதுவாக 6 முதல் 8 வாரம் ஆகும், சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும். தேதியைச் சொல்லி, ஓடலாமா கூடாதா என்று டாக்டரிடமே நேராகக் கேளுங்கள்.

திரும்ப ஓடத் தொடங்கும்போது

ஓய்வு என்றால் கட்டிலில் படுத்திருப்பது இல்லை. டாக்டர் அனுமதித்தால் சைக்கிள் ஓட்டலாம், நீந்தலாம். ஆண்களுக்குக் கயிறு ஏறும் தேர்வும் உண்டு, கைகளையும் தோள்களையும் பலப்படுத்த இந்த வாரங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

30 நிமிடம் வலி இல்லாமல் வேகமாக நடக்க முடிந்த பிறகுதான் ஓட்டம். முதலில் 1 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு தூரத்தை வாரத்துக்கு 10 சதவீதம் அளவில் கூட்டுவது பலரும் பின்பற்றும் கணக்கு. முதலில் தூரம், அப்புறம்தான் வேகம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். பழைய இடத்திலேயே விரல் வைத்துக் காட்டும் வலி திரும்ப வந்தால், பழைய ஓ.பி. சீட்டை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள்.