குடம் தூக்கிய நேரத்தில் ஓடுகிறேன்!

எனக்கு வயது 37. பத்தாவது வரை படித்திருக்கிறேன். தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார். மகன் பத்தாவது, மகள் ஏழாவது. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். வரும் ஜனவரியில் சென்னையில் நடக்கிற மாரத்தானில் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். இதைக் கேள்விப்பட்டதும் எதிர்வீட்டுப் பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏன்க்கா, வீட்டுல ஏதாச்சும் பிரச்னையா?"

எங்கள் பக்கம் 5 கிலோ மீட்டர் ஓட்டத்துக்கும் மாரத்தான் என்றுதான் பேனர் கட்டுகிறார்கள். அதனால் சொல்லிவிடுகிறேன். நிஜ மாரத்தான் என்பது 42 கிலோ மீட்டர் 195 மீட்டர். தர்மபுரியில் இருந்து ஒகேனக்கல் போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். பஸ்ஸில் உட்கார்ந்து போனாலே இடுப்பு கழன்றுபோகிற தூரம்!

ஒகேனக்கல்லை வேண்டுமென்றேதான் இழுத்தேன். நான் ஓட வந்த கதை அந்தத் தண்ணீரில் இருந்துதான் ஆரம்பம்.

எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பூமிக்கு அடியில் இருக்கும் பாறையில் இருந்து கரைந்து வருகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லி கிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கக் கூடாது. சின்ன வயசில் குடித்தால் பல்லில் காவி ஏறிவிடும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பில் போய்ச் சேர்ந்து மூட்டும் முதுகும் விறைத்துப் போகும். என் பல்லைப் பார்த்தாலே நான் எந்த ஊர்க்காரி என்று தெரியும். கல்யாண போட்டோ ஒன்றில்கூட நான் வாய் திறந்து சிரித்ததில்லை. மாமியாருக்கு முட்டி இரண்டும் மடங்கியபடியே நின்றுவிட்டது. காய்ச்சிக் குடித்தால் சரியாகும் என்று நம்பி, பாவம், வருஷக்கணக்கில் விறகை எரித்துக் காய்ச்சினார். காய்ச்சினால் தண்ணீர்தான் சுண்டும், ஃபுளோரைடு அப்படியே இருக்கும் என்று அன்றைக்கு யார் சொன்னார்கள்?

2007ல் நான் கல்யாணமாகி வந்தபோது, குடிக்க நல்ல தண்ணீர் என்றால் ஒன்றே கால் கிலோ மீட்டர் தள்ளி இருந்த ஒரு தோட்டத்துக் கிணறுதான். விடிகாலை நாலு மணிக்கு எழுந்தால்தான் கூட்டம் இருக்காது. தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. தினம் மூன்று நடை. இப்போது கணக்குப் போட்டால் ஏழரைக் கிலோ மீட்டர் வருகிறது! மகன் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாசம் வரைக்கும் அந்த நடை. அதற்கு ஒருவரும் கைதட்டவில்லை, "வீட்டுல பிரச்னையா" என்று கேட்கவும் இல்லை.

2013ல் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. அடுத்த வருஷம் எங்கள் தெருக் குழாயில் காவிரித் தண்ணீர் வந்தது. மறுநாளும் நாலு மணிக்கு வழக்கம்போல் முழிப்பு வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தேன். செய்ய ஒன்றுமில்லை. அந்த அரை மணி நேரம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் ஒரு வாரம்கூட அந்த நேரம் நிற்கவில்லை. யூனிபாரம் தேய்க்கலாம், கேழ்வரகு புடைக்கலாம், முந்தின நாள் பாத்திரத்தைக் கழுவலாம் என்று வீடு அதை விழுங்கிவிட்டது. பொம்பளைக்குக் கிடைத்த நேரம் வீட்டுக்குத்தானே போகும்!

2022ல் ஒரு நாள் டவுன் பஸ்ஸைப் பிடிக்க நூறு அடி ஓடினேன். ஏறி உட்கார்ந்த பிறகும் பத்து நிமிஷம் மூச்சு வாங்கியது. தினம் ஏழரைக் கிலோ மீட்டர் சுமந்த உடம்பு, எட்டே வருஷத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று அழுகை வந்தது. அந்த வாரமே நாலு மணிக்கு எழுந்து ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். மகனுடைய டீ-ஷர்ட், பழைய சுடிதார் பேன்ட், காலில் ரப்பர் செருப்பு. நாய்க்கு ஒரு குச்சி.

முதல் நாள் ஒரு சுற்று முடியவில்லை. பிறகுதான் முறையைத் தெரிந்துகொண்டேன். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை, மறுபடி ஒரு நிமிஷம் ஓட்டம். இப்படியே இருபது நிமிஷம். இரண்டு மாசத்தில் நடை குறைந்து ஓட்டம் கூடியது. மகன் கயிறு பிடித்து அளந்து ஒரு சுற்று 250 மீட்டர் என்றான். சுற்றை எண்ண முடியாமல் குழம்புவேன். அதற்குப் புளியங்கொட்டை! கையில் எடுத்துக்கொண்டு போய், சுற்றுக்கு ஒன்றாகப் படியில் வைப்பேன். நாலு கொட்டை ஒரு கிலோ மீட்டர். ஒரு நாள் படியில் நாற்பது கொட்டை வரிசையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, வாட்ச்மேன் தாத்தா "பல்லாங்குழி ஆடுனியா கண்ணு?" என்று கேட்டார்.

முதலில் தர்மபுரியில் 5 கிலோ மீட்டர் ஓடினேன். போன வருஷம் கோவையில், புற்றுநோய் விழிப்புணர்வுக்காக 2013 முதல் நடக்கிற மாரத்தானில் 21 கிலோ மீட்டர் பிரிவில் ஓடி முடித்தேன். சீட்டுப் பணத்தில் ஷூ வாங்கியதற்கு இவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் லேஸ் கட்டத் தெரியாமல் முழித்தபோது அவரே வந்து கட்டிவிட்டார்.

ஓட நினைக்கிற தோழிகளுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் எழுதுகிறேன். ஷூ வாங்கும்போது பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அளவு இடம் இருக்கட்டும். இல்லாவிட்டால் என்னைப்போல் நகம் கறுத்து விழும். உள்ளாடை இறுக்கமாக, அசையாமல் இருக்க வேண்டும். இதைச் சொல்ல யாரும் இல்லாமல் நான் மூன்று மாசம் அவஸ்தைப்பட்டேன். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டாமல் இருப்பது நல்லது. மூன்று வாரம் கூட்டினால் நாலாம் வாரம் குறைத்துவிட வேண்டும். வாரம் மூன்று நாள் சின்ன ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட ஓட்டம். அது மெதுவாகத்தான் இருக்க வேண்டும். நான் ஓடிக்கொண்டே பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்ப்பேன். மூச்சு முட்டாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. (வாய்ப்பாடு தப்பினால் அது ஓட்டத்தின் குற்றமில்லை!)

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடிப்பது ஆபத்து. ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்து அவ்வப்போது கொஞ்சமாகக் குடிக்கிறேன். ரத்தசோகை இருக்கிறதா என்று ஓட ஆரம்பிக்கும் முன் பார்த்துவிடுங்கள். எனக்கு இருந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். முருங்கைக் கீரையில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடுகிறேன். சாப்பாட்டோடு டீ குடிக்கிற பழக்கத்தையும் விட்டேன், டீ இரும்புச் சத்தைச் சேரவிடாதாம். சனிக்கிழமை ராத்திரி எனக்குக் களிதான். அதற்கு ஈடாக வேறு எதையும் இதுவரை நான் பார்க்கவில்லை.

போன ஆகஸ்ட் மாசம் நடந்ததைத்தான் சொல்லத் தயங்குகிறேன். ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும்.

அன்று ஞாயிறு, 24 கிலோ மீட்டர். மூன்றரைக்கே கிளம்பி ஏரிக்கரை வழியாகப் போய்விட்டேன். மாமியாரைக் காலையில் நான்தான் கைகொடுத்து எழுப்புவேன். அன்றைக்கு எல்லோரும் தூங்குகிறார்களே என்று அவரே எழுந்திருக்கிறார். பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார். ஏழரை மணிக்கு நான் வியர்வையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, அவர் கட்டிலில் படுத்திருக்க, நெற்றியில் மஞ்சள் பத்து. எலும்பு முறியவில்லை. தோளில் மட்டும் நல்ல அடி. இவர் என்னைத் திட்டக்கூட இல்லை. "நீ இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நாத்தனார் போனில், "எங்கம்மாவப் பாக்க முடியலன்னா சொல்லிடுங்க அண்ணி" என்றார்.

ஷூவை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டேன். மூன்று வாரம் போகவில்லை. நாலு மணிக்கு முழிப்பு மட்டும் வந்துகொண்டே இருந்தது. இருட்டில் படுத்துக்கொண்டு, என் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்ட இந்த ஒரு மணி நேரத்துக்கு வயசானவர் விலை கொடுத்துவிட்டாரே என்று நினைப்பேன். அதோடு இன்னொன்றும் நினைப்பேன். வீட்டில் அன்றைக்கு மூன்று பேர் இருந்தார்கள். விழுந்தது மட்டும் ஏன் என் கணக்கில் வருகிறது? வெளியே சொல்லவில்லை.

மூன்றாவது வாரம், தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாமியாரே கேட்டார். "ஏங்கண்ணு, இப்பல்லாம் போறதில்லையா?"

"இல்லீங்க அத்தை. போதும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "எனக்கும் உன்னாட்டம் முட்டி இருந்துச்சு. தண்ணி தூக்கியே போச்சு. தூக்கியாந்த தண்ணியே முட்டியையும் தின்னுடுச்சு. நான் வுழுந்ததுக்கு நீ எதுக்கு ஒக்காருற? அவங்கள எழுப்பி வுட்டுட்டுப் போ."

அவ்வளவுதான். அந்த ராத்திரியே இவரிடமும் பிள்ளைகளிடமும் பேசினேன். இவருக்கு உடனே இஷ்டமில்லை. "மண்டிக்கு ஆறு மணிக்குப் போறவன் நான்" என்றார். "ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் கேக்கறேன்" என்றேன். இப்போது சனிக்கிழமை ராத்திரி மகன் பாட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறான். கட்டில் கால் அருகே கழிப்பறை நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டோம். முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம். மகள், பாட்டியின் மணிக்கட்டில் தன் பழைய கொலுசைக் கட்டிவிட்டிருக்கிறாள். ஆட்டினால் சத்தம் வரும். ஞாயிறு டீ இவர் பொறுப்பு. இன்னமும் முணுமுணுத்துக்கொண்டுதான் போடுகிறார், சர்க்கரையும் கூடத்தான். நாத்தனார் இன்னும் சரியாகப் பேசவில்லை.

மகள் மொபைலில் தேடித் தேடி எனக்கு விஷயம் படித்துக் காட்டுவாள். பெண்களுக்கு இவ்வளவு தூரம் ஓட சக்தி கிடையாது, கர்ப்பப்பைக்கு ஆகாது என்றெல்லாம் சொல்லித் தடுத்தே வைத்திருந்தார்களாம். 1967ல் அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் சுவிட்சர் 261ஆம் எண்ணைக் கட்டிக்கொண்டு ஓட, நடத்துகிறவர்களில் ஒருவரே பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தாராம். அவர் ஓடி முடித்துவிட்டார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வைத்ததே 1984ல்தான். எத்தியோப்பியாவின் தெரார்து துலு, குழந்தை பெற்ற பிறகு 2009ல் நியூயார்க் மாரத்தானில் முதலாவதாக வந்தார். அப்போது அவருக்கு என் வயசு, 37! மகாராஷ்டிராவில் பாராமதியில் லதா கரே என்கிற அறுபதைத் தாண்டிய அம்மா, கணவரின் வைத்தியச் செலவுக்காகப் புடவையோடு, செருப்பில்லாமல் ஓடிப் பரிசு வாங்கினார். அவர் கதையைப் படமாக எடுத்தபோது அவரே நடித்தாராம். இதைக் கேட்டதும் மாமியார், "ஓடுறதுக்குக் காசு குடுத்தாங்களா? உனக்கு ஏன் நீ காசு கட்டுற?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மறுபடி 15 கிலோ மீட்டரில் இருந்து ஆரம்பித்தேன். போன ஞாயிறு 28 ஆயிற்று. 32 வரைக்கும் போய்விட்டு, கடைசி மூன்று வாரம் குறைத்துவிட வேண்டுமாம். 25ஆவது கிலோ மீட்டருக்கு மேல் காலில் யாரோ ஈரமணல் மூட்டை கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. ஏற்கெனவே 42 ஓடிய தோழிகள் இருந்தால், அந்த இடத்தை எப்படித் தாண்டினீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள்.

சென்னைக்கு நானும் மகளும் போகிறோம். இவரும் மகனும் மாமியாரோடு இருப்பார்கள். இரண்டு நாளைக்கு என்ன சமைப்பது, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஒட்டிவிட்டேன். இவர் அதை இதுவரை படித்த மாதிரி தெரியவில்லை. மாமியார்தான் பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, "களி கிண்டத் தெரியுமான்னு அவனக் கேளு மொதல்ல" என்றிருக்கிறார். தெரியாது. இந்தச் சனிக்கிழமை கற்றுக்கொடுக்க வேண்டும்.

— ஒரு வாசகி, பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.