கிதாருக்குப் புதிய காது

திருப்பூரில் பின்னல் எந்திரங்கள் ஓடும் கூடத்தருகே மின்கிதாரைப் பெருக்கியில் இணைத்துப் பாருங்கள். தந்தியை மீட்டுமுன்பே ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் எழக்கூடும். நமது மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. மோட்டார், டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றைச் சுற்றி அதே வேகத்தில் மாறும் காந்தப்புலம் கிதாரின் பிக்கப்பில் புகுந்துவிடுகிறது.

பிக்கப் என்பது கிதாரின் காது. காந்தத்தைச் சுற்றி மெல்லிய தாமிரக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும். சுருளில் மின்னழுத்தம் தோன்றும். 1831-இல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலேதான்! (நைலான் தந்தி பூட்டினால் இந்தக் காது செவிடு.)

வீணையைப் போலவே கிதாரிலும் தந்தியைத் தாங்குவது குதிரை. அதனருகே தந்தியின் அசைவு குறைவு. ஆகவே அங்குள்ள பிக்கப்பை மாற்றும்போது சற்றுக் கூடுதல் சுற்றுகள் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அளவு மீறினால் கீச்சொலிகள் மங்கிவிடும்.

இரைச்சலுக்கு என்ன செய்வது? 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் ‘ஹம்பக்கர்’ என்னும் இரட்டைச் சுருளை உருவாக்கினார். இரு சுருள்களின் காந்தமுனைகளும் எதிரெதிர். இணைப்புத் திசையும் எதிரெதிர். எனவே தந்தி எழுப்பும் மின்னழுத்தம் இரண்டிலும் கூடுகிறது. வெளி இரைச்சலோ கழிந்துபோகிறது. ஒற்றைச் சுருளின் அளவிலேயே ஹம்பக்கர்கள் கிடைப்பதால், கிதாரின் மரத்தைச் செதுக்கவும் வேண்டாம்.