முட்டைக்கு விலை, லாரிக்கு எண்ணிக்கை

நாமக்கல் வட்டாரத்தில் இரண்டு பெரிய தொழில்கள் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. ஒன்று கோழிப்பண்ணை. மற்றொன்று லாரிக்கு பாடி கட்டுவது. கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸாக வந்து இறங்கும் வண்டிக்கு நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில்தான் உடம்பு கிடைக்கிறது. பொருளாதாரம் தளரும்போது இந்த இரண்டு தொழில்களுமே அடி வாங்கும். ஆனால் அடி விழும் இடம் வேறு. பண்ணையில் முட்டை குறையாது, விலை குறையும். பட்டறையில் வண்டியின் விலை பெரிதாக இறங்காது, வரும் வண்டிகள்தான் குறையும், அதுவும் பாதியாகக்கூட. ஒரே மண்ணில், ஒரே மந்தத்தில் இப்படி இரண்டு விதமாக நடப்பது ஏன் என்ற கேள்வி, வணிகச் சுழற்சியைப் புரிந்துகொள்ள மிக நல்ல நுழைவாயில்.

லாரியிலிருந்து தொடங்குவோம். 2018-19 நிதியாண்டில் இந்தியாவில் நடுத்தர, கனரக வணிக வாகனங்கள் ஏறத்தாழ 3,90,000 விற்றன. அடுத்த ஆண்டு விற்றவை ஏறத்தாழ 2,25,000. கொரோனாவைக் காரணம் சொல்ல முடியாது. ஊரடங்கு வந்தது அந்த நிதியாண்டின் கடைசி வாரத்தில். 2019 செப்டம்பரிலேயே அசோக் லேலண்ட் தன் எண்ணூர் ஆலைக்கு 16 நாள் வேலையில்லை என்று அறிவித்துவிட்டது. இத்தனைக்கும் அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் சுருங்கவில்லை. ஏறத்தாழ 4 சதவீதம் வளர்ந்தது. மெதுவாக வளர்ந்தது, அவ்வளவுதான். வளரும் பொருளாதாரத்தில் லாரி விற்பனை மட்டும் 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது எப்படி?

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கும். ஒரு நாட்டின் சரக்கை இழுக்க ஒரு லட்சம் லாரிகள் தேவை, ஒரு லாரி பத்தாண்டு ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,000 வண்டிகள் கழியும். அவற்றுக்கு ஈடாக 10,000 வாங்க வேண்டும். ஓராண்டு சரக்கு 10 சதவீதம் கூடுகிறது. இப்போது 1,10,000 லாரிகள் வேண்டும். கழிந்தவை 10,000, கூடுதல் 10,000, ஆக 20,000 வாங்குவார்கள். மறு ஆண்டு சரக்கு குறையவில்லை, கூடவும் இல்லை. கூடுதல் வண்டி தேவையில்லை. விற்பனை மறுபடி 10,000. சாலையில் ஒரு டன் சரக்குகூடக் குறையாமல் ஆலையின் வேலை பாதியாகிவிட்டது! சரக்கு 10 சதவீதம் குறைந்திருந்தாலோ 99,000 வண்டிகள் போதும். கழிந்தது போக ஒரு லட்சம் கையில் இருக்கிறது. அந்த ஆண்டு ஒரு லாரிகூட விற்காது.

புதிய லாரி விற்பனையைத் தீர்மானிப்பதில் சரக்கின் அளவைவிட, அது எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதற்கே பெரும் பங்கு. அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் மாரிஸ் கிளார்க் 1917இல் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார். ரயில் போக்குவரத்தையும் ரயில் பெட்டிகளுக்கு வரும் ஆர்டர்களையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். பின்னாளில் இது முடுக்கி விதி என்று பெயர் பெற்றது. பள்ளிக் கணக்கு தெரிந்த எவரும் போட்டுப் பார்க்கக்கூடிய இந்த விதி, ஆலைகள் ஏன் திடீரென்று மௌனமாகின்றன என்பதில் இவ்வளவைச் சொல்லிவிடுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

2018 ஜூலையில் இந்திய அரசே தெரியாமல் இதற்கு ஒரு சோதனை நடத்தியது எனலாம். லாரிகள் ஏற்றக்கூடிய எடையின் உச்சவரம்பை உயர்த்தினார்கள். இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாயிற்று. வண்டியின் சொந்த எடை மாறாததால் கூடிய 2.3 டன்னும் சரக்குக்கே. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த லாரிகளின் கொள்ளளவு சட்டப்படி பெருகிவிட்டது. லாரி உரிமையாளர் புது வண்டி எதற்கு வாங்குவார்? போதாக்குறைக்கு, அதே ஆண்டு செப்டம்பரில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற நிதி நிறுவனம் கடனைத் திருப்ப முடியாமல் தடுமாற, பைனான்ஸ் நிறுவனங்களுக்கும் பணம் கிடைப்பது இறுகியது. தவணைக் கடன் இல்லாமல் இந்த நாட்டில் லாரி விற்காது.

லாரி, வீடு, ஃபிரிட்ஜ், தறி என்று நீடித்து உழைக்கும் எதற்கும் இன்னொரு குணம் உண்டு: வாங்குவதைத் தள்ளிப்போடலாம். பழைய வண்டிக்கு எஞ்சின் வேலை பார்த்து இன்னும் ஓராண்டு ஓட்டலாம். நாளை என்ன ஆகும் என்று தெரியாதபோது, திரும்பப் பெற முடியாத முதலீட்டைச் செய்யாமல் காத்திருப்பதே லாபம் என்று பொருளியலாளர் பென் பெர்னான்கி 1983இல் எழுதினார். ஒவ்வொருவருக்கும் அது நியாயமான முடிவு. எல்லோரும் ஒரே ஆண்டில் அந்த முடிவை எடுத்தால் பட்டறை வெறிச்சோடும்.

இனி முட்டை. மந்தம் வந்தது என்று கோழி முட்டையிடுவதை நிறுத்தாது. இட்ட முட்டையை மாதக்கணக்கில் வைத்திருக்கவும் முடியாது. பண்ணையாளர்களோ ஆயிரக்கணக்கானவர்கள், ஒருவர் தன் உற்பத்தியைக் குறைத்தால் அவருக்குத்தான் நட்டம், சந்தை அசையாது. ஆகவே அத்தனை முட்டையும் விற்றுத் தீரும் இடம் வரை விலை இறங்குகிறது. லாரி கம்பெனிகள் கைவிரல்களில் எண்ணிவிடக்கூடியவை. அவை விலையைப் பெரிதும் வெட்டுவதில்லை, ஆலையை நிறுத்துகின்றன.

இந்த வேறுபாட்டை எண்களில் காட்டியவர் அமெரிக்கப் பொருளியலாளர் கார்டினர் மீன்ஸ். பெருமந்தத்தின்போது, 1929க்கும் 1933க்கும் இடையில் அமெரிக்காவில் வேளாண் பொருட்களின் விலை 63 சதவீதம் வீழ்ந்தது. உற்பத்தி குறைந்தது 6 சதவீதம் மட்டுமே. வேளாண் கருவிகளின் கதை தலைகீழ். விலை 6 சதவீதம் குறைந்தது, உற்பத்தி 80 சதவீதம் சரிந்தது. டிராக்டர் ஆலையின் தொழிலாளி வேலையில்லாமல் நின்றார். விவசாயி முன்போலவே உழைத்து, மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்றார். வேலையின்மைப் புள்ளிவிவரத்தில் முதலாமவர் தெரிவார், இரண்டாமவர் தெரியமாட்டார். மந்தத்தை வேலையிழந்தோர் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது என்று நான் கருதுவது இதனால்தான்.

ஆட்டம் காணாதவை என்று கருதப்பட்ட தொழில்களும் உண்டு. முடிவெட்டுவது, உணவகம், பேருந்துப் பயணம் போன்ற சேவைகளை மக்கள் மந்தத்திலும் பெரிதாகக் குறைத்துக்கொள்வதில்லை. 2020இல் கொரோனா அந்த வழக்கத்தைப் புரட்டிப்போட்டது. அமெரிக்காவில் அந்த ஆண்டு நீடித்து உழைக்கும் பொருட்களுக்கான செலவு கூடியது, சேவைகளுக்கான செலவு வீழ்ந்தது. இதில் கொடுமை என்னவென்றால், தள்ளிப்போட்ட ஃபிரிட்ஜ் அடுத்த ஆண்டு விற்றுவிடும். ஆறு மாதம் கடை மூடியிருந்த முடிதிருத்துநரிடம், விட்டுப்போன ஆறு முறைக்கும் சேர்த்து யாரும் முடி வெட்டிக்கொள்ளப் போவதில்லை.

லாரிகளுக்கு அந்தத் தள்ளிப்போட்ட தேவை திரும்பி வந்தது. 2020-21இல் ஏறத்தாழ 1,60,000 வரை இறங்கிய விற்பனை, 2022-23இல் ஏறத்தாழ 3,60,000 ஆனது. சரக்கு இரண்டே ஆண்டில் இரட்டிப்பாகவில்லை. ஒட்டுப்போட்டு ஓட்டிய பழைய வண்டிகளை மாற்றும் தேவையும், வளர்ச்சிக்கான புதிய தேவையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. கீழே இழுத்த அதே கணக்குதான் மேலேயும் தூக்கியது. ஆனால் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. வேலையில்லாத மாதங்களில் ஒரு வெல்டர் வேறு ஊருக்கோ வேறு தொழிலுக்கோ போய்விட்டால், ஆர்டர் திரும்பிய நாளில் அவர் திரும்பி வருவதில்லை. புதிதாக ஒருவர் அந்தக் கைவேலையைக் கற்றுத் தேற ஆண்டுகள் பிடிக்கும்.