சோழியும் தொலைநோக்கியும்

அறிவொளி இயக்கம் என்றதும் புதுச்சேரி வட்டாரத்தில் பலருக்கு, 1990-களின் தொடக்கத்தில் ஊர்தோறும் நடந்த எழுத்தறிவு வகுப்புகளே நினைவுக்கு வரும். அதே பெயரால் நாம் குறிக்கும் இன்னோர் இயக்கம் 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுந்தது. முன்னோர் சொன்னார்கள், மன்னர் சொன்னார், மதகுரு சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டாம். சோதித்துத் தேர்ந்தபின் ஏற்போம் என்பதே அதன் சாரம். அந்த இயக்கத்தின் அலை ஒன்று புதுச்சேரிக் கடற்கரையையும் வந்து தொட்டது.

மன்னர்களும் அறிவியலும்

பிரான்சில் திதரோவும் தலம்பேரும் 1751 முதல் வெளியிட்ட கலைக்களஞ்சியம், கைவினைஞரின் தொழில் நுட்பங்களையும் படங்களுடன் விளக்கியது. கைத்தொழிலும் கற்றோர் ஆராயத்தக்க அறிவே என்ற எண்ணம் பரவியது. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் 1765-இல் திதரோவின் நூலகத்தை விலைக்கு வாங்கி, அவர் வாழ்நாள் முழுவதும் அவரிடமே இருக்கவிட்டார். அறிவைப் போற்றுவது அரசர்களுக்குப் பெருமை என்றாயிற்று.

அக்காலத்து வானியலாருக்குப் பெரும் புதிராக இருந்தது, சூரியன் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது. வெள்ளி கோள் சூரியனுக்குக் குறுக்கே கடப்பதைப் பல இடங்களிலிருந்து பார்த்தால், அதன் பாதை இடத்துக்கு இடம் சிறிது விலகித் தெரியும்; கடக்கும் நேரமும் மாறும். இந்த வேறுபாட்டைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம் என்று ஹாலி 1716-இல் விளக்கியிருந்தார். 1761-இலும் 1769-இலும் கடப்பு நிகழவிருந்தது. அரசுகளின் ஆதரவோடு அறிஞர்கள் பல திசைகளுக்கும் சென்றனர். பிரெஞ்சு அறிவியல் அகாதெமியைச் சேர்ந்த குய்யோம் லெ ஜென்டில் 1760 மார்ச்சில் புதுச்சேரியை நோக்கிக் கப்பலேறினார்.

போரும் மேகமும்

ஆனால், அறிவைப் போற்றிய அதே அரசுகள் ஏழாண்டுப் போரில் மோதிக்கொண்டிருந்தன. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. லெ ஜென்டிலின் கப்பல் கரையிறங்க இயலாமல் திரும்பியது. அவ்வாண்டு ஜூன் 6-இல் கடப்பை அவர் நடுக்கடலில்தான் கண்டார். ஊசல் கடிகாரம் ஆடும் கப்பலில் சரியாக ஓடாது. கப்பல் நிற்கும் தீர்க்கரேகையும் திட்டமாகத் தெரியாது. இவ்விரண்டும் இல்லாத நோக்கு கணக்குக்கு உதவவில்லை.

மனிதர் சோரவில்லை; அடுத்த கடப்பு வரை ஊர் திரும்பாமல் காத்திருந்தார். பிரெஞ்சுக்காரரிடம் திரும்பிவந்த புதுச்சேரியை 1768 மார்ச்சில் அடைந்தார். இடிந்த கோட்டையின் மேல் அவருக்கு ஆய்வுக்கூடம் எழும்பியது. சென்னையிலிருந்து நல்ல தொலைநோக்கி ஒன்றும் வந்தது. அனுப்பியவர்கள் நேற்றைய பகைவர்களான ஆங்கிலேயர்! ஆயினும் 1769 ஜூன் 4 காலையில் மேகம் சூரியனை மறைத்தது. கடப்பு முடிந்தபின் வானம் தெளிந்தது.

பிற இடங்களில் கிடைத்த அளவுகளைக் கொண்டு லாலாந்து 1771-இல் சூரியத் தொலைவை ஏறத்தாழ 15.3 கோடி கிலோமீட்டர் எனக் கணித்தார். இன்றைய மதிப்பு 14.96 கோடி.

41 வினாடி

லெ ஜென்டிலின் உழைப்பு வீண்தானா? இல்லை. புதுச்சேரியில் இருந்த நாட்களில் அவர் தமிழகத்துக் கணிதரிடம் கிரகணக் கணக்கைக் கற்றார். அவர்கள் காகிதமின்றி, சோழிகளை வைத்தும் எடுத்தும், மனப்பாடமான வாய்பாடுகளால் கணித்தனர்.

அவ்வாய்பாடுகளில் 248 நாள் கொண்ட ஒரு சுற்று உண்டு. அது ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலைக்கு வர 27.5545 நாள் ஆகிறது. இதை ஒன்பதால் பெருக்கினால் 247.99. ஆகவே 248 நாட்களுக்கு ஒருமுறை, சந்திரனின் வேகம் கூடிக் குறையும் ஒழுங்கு கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வரும்.

1765 ஆகஸ்ட் 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கொண்டு இம்முறை சோதிக்கப்பட்டது. கிரகணம் நீடித்த காலத்தைத் தமிழ் முறை 41 வினாடி குறைவாகக் காட்டியது. ஐரோப்பாவில் சிறந்ததெனப் பெயர்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணையோ 68 வினாடி கூடுதலாகக் காட்டியது.

உடனே மார்தட்டிக்கொள்ள வேண்டாம். 1825-இல் புதுச்சேரியில் ஒரு கணிதர் சோழிகளைக் கொண்டு கணித்த சந்திர கிரகணத்தை ஜான் வாரன் பதிவு செய்துள்ளார். அதில் தொடக்கம் 4 நிமிடம் பிழை. நடு நேரம் 23 நிமிடம் பிழை. முடிவு 52 நிமிடம் பிழை. ஒரே ஓர் அளவு சரியாக அமைவது முறைக்குச் சான்றாகாது என்று ஆய்வுக்கூடத்தில் மாணவர்க்குச் சொல்கிறோம் அன்றோ? நம் கணிதர் விதியைக் காத்தனர். ஆனால் அதன் காரணத்தைக் கேட்டு, புதிய நோக்குகளால் அதைத் திருத்தும் வழக்கம் தளர்ந்திருந்தது. ஐரோப்பியரின் அட்டவணைகளோ இடைவிடாது திருத்தப்பட்டு வந்தன.

லெ ஜென்டில் கொண்டுசென்ற கணக்குமுறைகளையும் ஆராய்ந்து, இந்திய வானியல் மிகத் தொன்மையானது என 1787-இல் நூல் எழுதினார் பாயி. லாப்லாஸ் அதை மறுத்தார். அவ்வாதம் எழுத்தால் நடந்தது. ஆனால் 1789-இல் பாரிஸின் முதல் மேயரான அதே பாயி, 1793-இல் புரட்சி அரசால் தலை வெட்டப்பட்டார். அறிவைப் போற்றிய காலம், மாற்றுக் கருத்தைப் பொறுக்கும் பண்பை முழுதும் கற்கவில்லை.

அடுத்த சந்திர கிரகணத்தன்று பஞ்சாங்கத்தையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு வெட்டவெளிக்குச் செல்லுங்கள். நிழல் படியும் நேரத்தையும் விலகும் நேரத்தையும் நீங்களே குறியுங்கள். பூமியின் நிழல் எந்நாட்டாருக்கும் சலுகை காட்டாது.